டக் சத்தம் ஆறு முறை கேட்கவேண்டும்

தீபாவளிக்குச் சாயம் அடிக்க, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் இரும்புக் கடையில் இந்த அலுமினிய மடக்கு ஏணியை 230 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். நான்கு துண்டு, துண்டுக்கு மூன்று படி. நேராக நீட்டினால் மூன்றரை மீட்டர் வரும். மடக்கினால் ‘கஞ்சில்’ என்ற சின்னக் காரின் பின்சீட்டில் படுத்துக்கொள்ளும்.

விஷயமெல்லாம் மூட்டில்தான். வட்டத் தகட்டின் விளிம்பில் சில காடிகள் வெட்டியிருக்கிறார்கள். துண்டைத் திருப்பும்போது சுருள்வில் தள்ளுகிற பூட்டு காடிக்குள் விழுந்து ‘டக்’ என்கிறது. மடக்கிய நிலை, கூடாரம் போல விரித்த நிலை, நேர்நிலை என்று காடி இருக்கும் இடத்தில்தான் நிற்கும். நம் இஷ்டத்துக்கு நடுவில் நிறுத்த முடியாது. அதுதான் நல்லதும்கூட.

இரண்டு பக்கமும் சேர்த்து மூட்டு மொத்தம் ஆறு. முதல் நாள் ஐந்து சத்தத்தோடு ஏறிவிட்டேன். இரண்டாவது படியில் ஏணி ஆட, நீலச் சாய வாளி அப்பாவின் சாய்வு நாற்காலி மேல் கவிழ்ந்தது. நாற்பது வருஷம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். “ஏறுறதுக்கு முன்னாடி ஆட்டிப் பாக்க மாட்டியா?” என்றார், அவ்வளவுதான்.

அந்த ஆறாவது மூட்டு வாங்கும்போதே இறுக்கம். கடைக்காரரிடம் சொன்னேன், எண்ணெய் விடுங்கள் என்றார். விட்டேன், இப்போது சரி. படிகள் ஒல்லி, வெறுங்காலோடு பத்து நிமிஷம் நின்றால் பாதம் கடுக்கும். மேடை போல மடக்கினால் மேலே போடப் பலகை வேண்டும், அதற்குத் தனிக் காசு. நான் இன்னும் வாங்கவில்லை.