கீரிமலைக் கேணியும் ஒரு திறப்பும்

ஈரச் சேலையோடு அம்மா முக்கால் மணி நேரம் வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு வயது 76. மூன்று நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

கனடாவில் விமானம் ஏறுவதற்கு முன்பிருந்தே அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்கு. ரயில், தங்குமிடம், வாகனம் எதிலும் குறையில்லை. சுன்னாகம், தெல்லிப்பளை என்று காங்கேசன்துறை வீதியில் ஊர்கள் வர வர அம்மா பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். மாவிட்டபுரத்தில் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்துகொண்டு நிற்கும் மரங்கள். 1990 இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த பக்கம் இது.

கேணியைக் கண்டதும் எனக்கே தொண்டை அடைத்தது. ஒரு சுவர்தான் இடையில். அந்தப் பக்கம் அலை அடித்துத் தெறிக்கிறது, இந்தப் பக்கம் ஊற்றுநீர். குடாநாட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியிலேயே ஓடி, கடலைத் தொடும் இடத்தில் இப்படி மேலே வருகிறது. இந்தத் தண்ணீரில் முழுகி நகுலமுனிவரின் கீரிமுகமும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் மாறிய கதையைச் சின்ன வயதில் இந்தப் படியில் இருந்துதான் கேட்டேன்.

ஆண்களின் கேணி கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. இளைஞர்கள் மதிலில் ஏறிக் குதிக்கிறார்கள், ஏறி வந்து துவாயைச் சுற்றிக்கொண்டு படியிலேயே உடுப்பு மாற்றுகிறார்கள். பெண்களின் கேணி சுவருக்குள் இருக்கிறது. அம்மா குறுக்குக்கட்டோடு என் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் நனைந்ததும் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டார். “அதே தண்ணீர்தான்” என்றார். பிறகு என்னை மறந்துபோனார். பத்து முழுக்காவது போட்டிருப்பார்.

கரையேறி வந்தால் உடுப்பு மாற்றும் அறையில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டின் திறப்பை வைத்திருப்பவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார் ஒருவர். அவர் இன்று வரவேயில்லை என்றார் இன்னொருவர். ஒரு தொலைபேசி இலக்கம் கிடைத்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டருகே உள்ள நீச்சல் குளத்தில் கதவைத் தள்ளினால் திறக்கும். வயதானவர்கள் உட்கார்ந்து உடுக்க ஒரு வாங்கு, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, எல்லாம் இருக்கும். அந்த ஊர்ப் பனியில் கடைக்கு நடந்துபோகும் அம்மா, தான் பிறந்த ஊர்க் காற்றில் பல் கிட்ட நின்றார்.

ஆனால் அந்த நீச்சல் குளத்தில் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கடையை அப்படியே விட்டு வந்தார். கையில் ஒரு பழைய நூல் சேலை. குளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் அழைத்தார். சுவர் மூலையில் மூன்று பேரும் சேலையை விரித்துப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே அம்மா உடுத்த உடுத்த, வெளியே விசாரணை நடந்தது: எந்த ஊர், யாருடைய பிள்ளை, எப்போது போனது. கடைசியில் இஞ்சி போட்ட தேநீரும் வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார், கச்சானுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்குச் சாம்பல் கரைக்க வருகிறவர்கள் முழுகுவதும் இங்கேதான். ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டமும் இங்கேதான். துக்கத்தோடு வருகிற பெண் ஈர உடுப்போடு திறப்புத் தேடி அலைவதா? பொறுப்பானவர்களைக் கேட்கிறேன்: அந்த அறைக்கு வெளியே பூட்டு எதற்கு? உள்ளே ஒரு தாழ்ப்பாள் போதும்.

பக்கத்து நகுலேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் பூட்டு அப்படியே தொங்கியது. அம்மாவோ வெள்ளிக்கிழமை மறுபடி போகவேண்டும் என்கிறார். சந்தையில் நல்ல அகலமான நூல் சேலைகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று மறைப்புக்கு, மற்றது கச்சான் கடை அம்மாவுக்கு.