எழுவான் குரலும் படுவான் குரலும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஐரோப்பிய இசைநாடகமான ஓபராவின் குரல்களைப் பற்றி என்னிடம் பாடப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்வேன். கணீரென்று முன்னே வந்து விழுவது எழுவான் குரல். கனத்து, உருண்டு, ஆழத்திலிருந்து எழுவதுபோல் கேட்பது படுவான் குரல். பாவரொட்டியையும் யோனாஸ் காஃப்மனையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இருவரும் டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல் வகைப் பாடகர்களே. ஆனாலும் ஒருவர் வெயில், மற்றவர் நிழல். பிள்ளைகள் பலருக்கு நிழல்தான் பிடிக்கிறது. ஓபரா என்றால் அப்படித்தான் கனக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் நான் தடுக்கிறேன்.

வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை வாயாலேயே அறியலாம். 'ஈ' என்று நீட்டி, மூச்சை விடாமல் 'ஊ'வுக்குப் போங்கள். சுருதி அப்படியே நிற்கும், நிறம் மட்டும் இருளும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவியும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறதே, அந்தக் குவிவும் நாக்குப் பின்வாங்குவதும்தான் காரணம். உதடு குவிந்தால் குரல் வரும் வழி நீள்கிறது. குரல்வளை கீழே இறங்கினாலும் நீள்கிறது. வழி நீண்டால் அதன் ஒத்ததிர்வுகள் தாழ்ந்து ஒலி கனக்கும். உதட்டை அகலச் சிரித்து, குரல்வளையை மேலே ஏற்றினால் வழி குட்டையாகி ஒலி வெளுக்கும்.

வெளுப்பு வேறு, கணீர் வேறு. குரல்வளையைத் தூக்கி நெரித்துப் பாடுகிறவர் முதல் பாட்டில் எடுப்பாகத்தான் இருப்பார். மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டிவிடும். எங்கள் கூத்துக் களரியில் நின்று கூத்தை நடத்திய நல்ல அண்ணாவிமாரின் குரல் அப்படியானதல்ல. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் மேலாக, விடியும்வரை அந்தக் குரல் சனத்தின் கடைசி வரிசையை எட்டியது. என் அப்பா பிற்பாட்டுப் பாடியவர். பலம் போட்டால் குரல் போய்விடும், கூர் போட்டால் குரல் போய்ச் சேரும் என்பார்.

ஓபராவிலும் கேள்வி இதுவேதான். ஒலிவாங்கி கிடையாது; முன்னால் பெரிய வாத்தியக் குழு. அக்குழுவின் ஒலிவலு 500 ஹேர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருந்து, மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயின்ற ஆண் குரலிலோ 3000 ஹேர்ட்ஸ் அளவில் இன்னொரு மேடு எழும்புகிறது. வாத்தியங்கள் விட்டுவைத்த அந்த இடைவெளியால் குரல் வெளியே வந்துவிடுகிறது. சுவீடனின் குரலாய்வாளர் யோஹான் சுந்த்பெரி 1970களில் இதற்கு விளக்கம் தந்தார். குரல் நாண்களுக்குச் சற்று மேலேயுள்ள சிறு குழாய் ஒடுங்கி, அதற்கு மேலுள்ள தொண்டையின் குறுக்குப் பரப்பு அக்குழாய் வாயைப்போல் ஆறு மடங்குக்குக் குறையாமல் இருந்தால் அந்த மேடு எழும். அப்படி அகல்வதற்குப் பெரும்பாலும் குரல்வளை இறங்கித்தர வேண்டும். இருட்டுக்காக இறக்குகிற அதே குரல்வளைதான் வெளிச்சத்தையும் தருகிறது! இத்தாலிய ஆசிரியர்கள் இந்தச் சேர்க்கைக்கு வைத்த பெயர் கியாரோஸ்கூரோ, அதாவது ஒளிநிழல். உச்சத்தில் பாடும் சொப்ரானோக்களுக்கு, அதாவது பெண்களின் உயர்ந்த குரல்களுக்கு, இந்த மேடு அவ்வளவு தேவைப்படாது. அவர்களின் சுருதியே அவர்களைக் காப்பாற்றும்.

கனத்த குரலுக்குப் பெரிய மவுசு வந்தது 1837இல். பாரிஸ் ஓபராவில் டெனர் பாடகர் கில்பேர் துப்ரே மேல் ஸ்தாயி 'சி' சுரத்தை நெஞ்சுக் குரலில், இருண்ட நிறத்தில் பாடினார். சபை மயங்கியது, இசையமைப்பாளர் ரொசினிக்குப் பிடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் பாட்டாசிரியர் மனுவேல் கார்சியா தெளிந்த நிறம், இருண்ட நிறம் என்று இரண்டையும் பிரித்து எழுதி பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். துப்ரேயின் குரலோ விரைவில் தேய்ந்துபோனது.

எனவே என் தெரிவு வெளிப்படையானது: முதலில் கணீர், பிறகு கனம். கனம் தானாக வந்து சேரும்; கனத்திலிருந்து தொடங்கியவனுக்குக் கணீர் இலேசில் வராது. கனம் என்று பலர் செய்வது நாவடியைப் பின்னுக்குத் தள்ளித் தொண்டையை அடைப்பது மட்டுமே. அது நிழலல்ல, மூடிய கதவு.

போன வருடம் ஒரு மண்டபத்தில் பாடல் குழுவைப் பழக்கிக்கொண்டிருந்தேன். இருபது வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று பாடியபோது நிலமே அதிர்ந்தது. கடைசி வாங்கில் போய் இருந்தேன். மின்விசிறிச் சத்தத்துக்குள் அவன் குரல் கரைந்துவிட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவன் நாடிக்கு, அதாவது முகவாய்க்கு, கீழே விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாவடி கல்லாக இருந்தது. அக்கரையில் நிற்கிற தோணிக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். "ஓய்!" என்றான். மண்டபம் முழங்கியது. அந்த ஓசையை விடாமல், கொட்டாவி தொடங்கும்போது தொண்டை அகல்வதுபோல் அகலவிட்டு, அதே வரியைப் பாடவைத்தேன்.

"குரல் மெலிந்துபோய்விட்டது, சேர்" என்று முகம் வாடினான். தன் குரலைத் தன் எலும்பு வழியாகவும் கேட்கிறவனுக்கு அது எப்போதும் கூடுதல் கனமாகவே கேட்கும். பாடுகிறவனின் காது இந்த வழக்கில் நம்பத்தக்க சாட்சியல்ல. கடைசி வாங்கில் கைத்தொலைபேசியை வைத்து இரண்டு விதமாகவும் பதிவுசெய்து போட்டுக் காட்டினேன். முதலாவதை இரண்டு தடவை கேட்டான். பிறகு, நான் சொல்லாமலே நாடிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, வரியை மறுபடியும் தொடங்கினான்.