வைஸுக்கு மரத் திருகு: உளியால் வெட்டுவதா, திருகுப் பெட்டியா, ரூட்டரா?

என் தச்சு மேசை வைஸுக்கு (மரத்தைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் சாதனம்) இதுவரை மூன்று மரத் திருகுகள் செய்திருக்கிறேன். முதல் இரண்டும் உளியால், மூன்றாவது ரூட்டரால் (பிட் என்னும் சுழலும் வெட்டுமுனையால் மரத்தில் பள்ளம் எடுக்கும் மின்கருவி). நடுவில் ஒரு திருகுப் பெட்டியை (உள்ளே கத்தி பதித்த, உருளையில் புரி வெட்டும் கருவி) இரவல் வாங்கிச் சின்ன கிளாம்புகளுக்குப் புரி வெட்டிப் பார்த்தேன். மூன்று வழியையும் தொட்டாயிற்று, ஆனால் சமமாக இல்லை. என் சாய்வு ரூட்டர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரும்புத் திருகு வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டால், தாராளமாகப் போடலாம், ஒரே நாளில் வேலை முடியும். நான் மரத்துக்குப் போனது, ஒரு சுற்றுக்குத் தாடை 12 மில்லிமீட்டர் நகரும் என்பதற்காக (சாதாரண இரும்புத் திருகில் ஐந்தாறுதான்), அப்புறம் வெளிர் மரத்தில் கிரீஸ் கறை படாது என்பதற்காக. இரும்பை இத்தோடு விடுவோம்.

உளி வழிக்குச் செலவே கிடையாது. 60 மில்லிமீட்டர் உருளையைக் கடைந்துகொண்டால் அதன் சுற்றளவு சுமார் 188 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்கு ஒரு காகிதம் வெட்டி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் 12 மில்லிமீட்டர் ஏறுகிற மாதிரி சாய்கோடுகள் போட்டு உருளையில் சுற்றி ஒட்டினால், கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே புரியாக ஓடும். ரம்பத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு டேப் ஒட்டி அந்த ஆழம் வரை கோட்டோடு அறுத்து, இருபுறமும் உளியால் சரிவு எடுக்க வேண்டியதுதான். பார்க்க அழகாக வரும், வெட்டும்போது மனசுக்கும் இதமாக இருக்கும். என் முதல் திருகு அப்படி வந்ததுதான், வைஸில் நன்றாகவே ஓடியது.

ஒரு நாள் அதில் மூன்று புரிகள் தெறித்துவிட்டன. தப்பு என்னுடையது, நார் சாய்ந்து ஓடுகிற கட்டையை எடுத்திருந்தேன். திருகில் நார் நீளவாக்கில் போவதால் புரியின் முகட்டில் இருப்பது துண்டு துண்டான குட்டை நார்தான், சாய்ந்த நார் என்றால் அது இன்னும் சீக்கிரம் கழன்றுவிடும். போகட்டும், இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து வெட்டினேன். பழைய மரைத்துளையில் (திருகு ஓடுவதற்காக மரைக்கட்டைக்குள் புரி வெட்டிய துளை) இரண்டு சுற்று போனது, அங்கேயே இறுகி நின்றுவிட்டது. கையால் வெட்டினால் ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் பிசகுவது சர்வ சாதாரணம், ஆனால் 90 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரைக்கட்டைக்குள் ஏழரைச் சுற்று இருக்கிறது, கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். சாக்பீஸ் தடவித் திருகிப் பார்த்து, உரசுகிற இடத்தையெல்லாம் செதுக்கிச் செதுக்கி ஒருவழியாக உள்ளே விட்டேன். அதற்குள் ஒரு பக்கம் ஆட்டம், மறுபக்கம் இறுக்கம். முதல் திருகையும் இப்படித்தான் செதுக்கிப் பொருத்தியிருந்தேன், புதிதில் அது உறைக்கவில்லை. அந்த மரைக்கட்டைதான் மேசைக் காலோடு பசை போட்டு ஒட்டிக் கிடக்கிறதே, அதை எப்படி மாற்றுவது? மரை கழன்றவன் மாதிரி ரொம்ப நேரம் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பொறுத்தவரை இதில் தீர்மானிக்கிற விஷயம் இந்த ஒன்றுதான். திருகு என்றைக்காவது உடையும், மரைக்கட்டை மேசையோடு நிற்கும். இரண்டாவது திருகு பழைய துளையில் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும்.

திருகுப் பெட்டி இதில் பாதி தேறும். உருளை உள்ளே போனதும் வி வடிவக் கத்தி வெட்டும், வெட்டிய புரியைப் பெட்டிக்குள்ளிருக்கும் மரை பிடித்து இழுத்துக்கொள்ளும். சத்தமில்லை, தூசியில்லை, சின்ன அளவுக்கு அருமையான சாமான். ஆனால் கத்தி முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கிறது, கூர் கொஞ்சம் குறைந்தாலும் முகடு பிய்யும், தீட்டித் திரும்பப் பொருத்தினால் ஆழம் இம்மி மாறும். 60 மில்லிமீட்டர் பெட்டியை நான் கையாண்டதில்லை, 25 மில்லிமீட்டரிலேயே இரண்டு கையும் வலித்தது.

ரூட்டருக்கு வருகிறேன். மரைத்துளைக்கு எந்த வழியிலும் டேப் (ஒட்டும் டேப் இல்லை, துளைக்குள் மரை வெட்டும் கருவி) தேவை, அதை மரத்திலேயே செய்யலாம். 50 மில்லிமீட்டர் துளைக்குள் வழுக்குகிற உருளையில் 12 மில்லிமீட்டர் புரியாக ரம்ப வெட்டு ஒன்று, அந்த வெட்டுக்குள் ஓடுகிற மெல்லிய இரும்புத் தகடு பதித்த ஒரு வழிகாட்டிக் கட்டை, உருளையின் முனையருகே ஒரு கூரான இரும்புப் பல். பல்லுக்கு அடியில் காகிதம் வைத்து ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளினால், பத்துப் பதினோரு ஓட்டத்தில் மரை இறங்கிவிடும். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஹீரோன், எண்ணெய் ஆட்டும் அழுத்துபொறிகளுக்கு மரைத்துளை வெட்ட இதே மாதிரி ஒரு கருவியை விவரித்திருக்கிறார்.

இந்த டேப்பால் மேசைக்கு ஒரு புது மரைக்கட்டையும், கூடுதலாக இன்னொன்றும் வெட்டி, அந்த இன்னொன்றையே ரூட்டர் பெட்டியாக்கினேன். முன்பாதி 60 மில்லிமீட்டர் வெறும் துளை, நடுவில் மேலிருந்து 90 பாகை வி பிட் இறங்கும், பின்பாதி மரை. பிட் 5.5 மில்லிமீட்டர் ஆழம் போனால் முகட்டில் ஒரு மில்லிமீட்டர் தட்டையாக மிஞ்சும். அந்தத் தட்டையை விட்டுவையுங்கள், கூராக்கினால் முதல் வாரமே உதிரும். மேசையில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒரே பல் வெட்டியவை என்பதால், பெட்டியிலிருந்து வெளியே வருகிற எந்தத் திருகும் மேசையில் ஏறும். பழைய மரைக்கட்டையைக் காலிலிருந்து செதுக்கி எடுக்க ஒரு நாள் ஆனது தனிக் கதை.

ரூட்டரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பிட் வெட்டும் இடம் பின்பாதி மரையோடு நேர்கோட்டில் வராவிட்டால் உருளை அங்கேயே சிக்கும், அதனால் ரூட்டர் அடித்தகட்டின் ஓட்டைகளை நீளவாட்டமாக்கி, கழிவுக் கட்டையில் நாலைந்து தடவை நகர்த்திப் பார்த்த பிறகுதான் சரியானது. உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும், அவசரப்பட்டால் முகடு சிம்பு சிம்பாகப் பெயரும். முந்தின இரவே உருளையை ஆளி விதை எண்ணெயில் ஊறப்போட்டால் வெட்டு வழவழப்பாக வருகிறது. மேப்பிள், பீச் மாதிரி நெருக்கமான நாருள்ள மரம் நல்லது. ஓக்கில் ஒரு வளையம் பொதபொதவென்றும் அடுத்தது கெட்டியாகவும் இருப்பதால் பிய்யும், தேக்கில் சிலிக்கா பிட்டின் கூரைத் தின்னும்.

மூன்றாவது திருகு போட்டு ஓராண்டுதான் ஆகிறது. மரம் குறுக்கே சுருங்குவதால் அது கொஞ்சம் முட்டை வடிவமாகிவிட்டது, மழை நாளில் கொஞ்சம் இறுகுகிறது. அப்போதெல்லாம் மெழுகுவர்த்தியைப் புரிகளில் தேய்த்து நாலு முறை உள்ளே வெளியே ஓட்டுகிறேன், இதுவரை அதுவே போதுமாக இருக்கிறது.