ஒரே ஆசான், மூன்று வழி: யோகா தொடங்க எது தோது?

"யோகா கத்துக்கணும், எங்கே சேரலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கொஞ்சம் யோகாவும் பண்ணுங்க" என்று சொல்லியிருப்பார். ஆனால் மனசுக்குள் ஓடுவதோ இன்ஸ்டாகிராமில் யாரோ தலைகீழாக நிற்கும் படம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அஷ்டாங்க வின்யாசா, ஐயங்கார் யோகா, தேசிகாச்சார் வழி என்று இன்று தனித்தனிக் கட்சிபோலப் பேசப்படும் மூன்றும் ஒருவரிடமிருந்து வந்தவை. அவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). 1930களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 1950களில் சென்னைக்கு வந்து, வீடு தேடி வந்தவர்களுக்குத் தனித்தனியாகக் கற்றுக் கொடுத்தார். ஆளைப் பார்த்துப் பாடத்தை மாற்றியவர் அவர். அதனால் "எது சிறந்தது?" என்பதைவிட, "அவர் இதை யாருக்கு, எந்த வயதில் கொடுத்தார்?" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அஷ்டாங்க வின்யாசாவை மைசூரில் வளர்த்தவர் பட்டாபி ஜோயிஸ். அதன் வேர் துள்ளுகிற வயசுப் பையன்களின் பயிற்சியில் இருக்கிறது. ஆசன வரிசை மாறாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கையை ஊன்றிக் குதித்துப் போக வேண்டும். வாரத்தில் ஆறு நாள், அமாவாசை பௌர்ணமிக்கு விடுமுறை. வியர்த்துக் கொட்டும், தோளும் வயிறும் இறுகும். அடுத்து என்ன என்று யோசிக்க வேலை இல்லாததால் மனசும் அடங்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் முட்டி தேய்ந்தவர் அரைப் பத்மாசனத்தில் குனிந்தால் என்ன ஆகும்? ஜிம்மில் இதன் தம்பியான 'பவர் யோகா'வில்தான் நான் முதலில் சேர்ந்தேன். மூன்றாம் நாளே மணிக்கட்டு வீங்கியது. முப்பது பேர் இருந்த கூடத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

பி.கே.எஸ். ஐயங்கார் கதை நேர் எதிர். மலேரியா, காசநோய் என்று நோஞ்சானாக வளர்ந்த பையன். கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு அக்காள் கணவர். 1934இல் மைசூருக்கு வந்து அத்திம்பேரிடம் கற்றார். வளையாத உடம்பின் கஷ்டம் தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, போர்வை எல்லாம் வகுப்புக்குள் வந்தன. கை தரையைத் தொடவில்லையா, கட்டையைத் தொடு. ஒரு ஆசனத்திலேயே நிற்க வைத்துக் குதிகால் எங்கே, முட்டி எந்தப் பக்கம் என்று திருத்திக்கொண்டே இருப்பார்கள். கூன் விழுந்த கம்ப்யூட்டர் முதுகுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரே குறை, மூச்சுப் பயிற்சி தாமதமாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு "பெருவிரலுக்கு இவ்வளவு பாடமா?" என்று சலிக்கும்.

கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் முதுமையில் சொல்லிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டவர் அவர் மகன் தேசிகாச்சார். 1976இல் அவர் தொடங்கியதுதான் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம். இங்கே ஒருவருக்கு ஒரு ஆசிரியர். கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, குனியும்போது வெளியே என்று ஆசனமே மூச்சின் பின்னால் போகும். சர்க்கரை, பிரஷர், தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்றோடு வருபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். ஆனால் கற்றுக்கொண்டதை வீட்டில் தனியாகச் செய்தாக வேண்டும். பக்கத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் கை தூக்குவேன் என்பவருக்கு ஒத்துவராது.

இந்தக் குடும்பத்தைச் சேராத இன்னொன்றும் தமிழ்நாட்டில் உண்டு, மனவளக்கலை. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்தது. கைப்பயிற்சி, கால் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம், உடல் தளர்த்தல் என்று வேட்டியோடும் சுடிதாரோடும் செய்யக்கூடியவை. பிறகு தவம், அதாவது தியானம். சின்ன ஊர்களில்கூட மன்றம் இருக்கும், செலவும் கையைக் கடிக்காது. உடம்பு வில்லாக வளையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூடவே தத்துவப் பாடமும் வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, சிலர் அதனாலேயே நின்றுவிடுகிறார்கள்.

யூடியூப்? ஏற்கெனவே கற்றவருக்கு நினைவூட்ட உதவும். நம் முட்டி கோணியிருப்பது திரைக்குள் இருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பலன் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தில்லாத சிகிச்சைகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரி (ACP) என்ற மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் சேர்த்தது. கிடைக்கும் நிவாரணம் மிதமானதுதான், மந்திரம் இல்லை. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு மெல்லக் குறையும். படபடப்பு அடங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கண்ணில் பிரஷர் இருப்பவர் சிரசாசனம் பக்கமே போக வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். முதல் நாள் இவற்றையெல்லாம் விசாரிக்காமல் விரிப்பைப் போடச் சொல்கிற ஆசிரியர் என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

என் அக்காவுக்கு வயது 58, இரண்டு முட்டியிலும் வலி. ஐயங்கார் வகுப்பு நல்லது என்று நான் சொன்னேன். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தெருக்கோடி மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்துவிட்டாள். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. அவளுக்கு இருக்கும் ஒரே புகார், தவத்தில் உட்கார்ந்தால் கொசு கடிக்கிறதாம்.