தமிழில் வலைப்பதிவு தொடங்க பிளாகர்: இன்றைக்கும் என் பரிந்துரை இதுதான்

வலைப்பதிவு தொடங்க எதை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரைத்தான் சொல்கிறேன். பழசாகிவிட்டது, கூகுள் கண்டுகொள்வதில்லை, என்றைக்கு மூடுவார்களோ என்பவர்கள் உண்டு, அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தொடங்குவது அரைமணி நேர வேலை. ஒரு வருடம் கழித்தும் எழுதிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம், அதற்கு இவ்வளவு தோதான இடம் இலவசமாக வேறு இல்லை என்பது என் கருத்து.

1999இல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் ஆரம்பித்ததை 2003இல் கூகுள் வாங்கியது. கிட்டத்தட்ட அந்தக் காலத்தில் தமிழில் எழுத வந்தவர்களின் பதிவுகள் பல இன்றும் பிளாகரின் முகவரியான பிளாக்ஸ்பாட்டில் அப்படியே திறக்கின்றன. எழுதியவர் நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும், பின்னூட்டங்கள் உட்பட எல்லாம் இருக்கும். காசு கொடுத்து சர்வரில் இடம் பிடித்து வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளை நிறுவினால் வசதிகள் அதிகம்தான், ஆனால் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும், பிளகின்கள் என்ற கூடுதல் மென்பொருள்களை அப்டேட் செய்துகொண்டே இருக்கவேண்டும், வேலை முடிந்து ராத்திரி எழுத உட்காருகிறவருக்கு அந்த நேரமெல்லாம் எழுத்திலிருந்துதான் போகும்.

தொடர்ந்து எழுத எனக்கு உண்மையில் கை கொடுப்பவை இரண்டு: டிராஃப்ட், அதாவது வெளியிடாமல் சேமித்துவைக்கும் குறிப்பு, அப்புறம் வெளியிடும் தேதியை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி. நான் மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன். மாடியில் நிற்கும்போதே போனில் பிரவுசரைத் திறந்து “கத்தரி, மாவுப்பூச்சி, இலைக்கு அடியில் வெள்ளையாக, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம்” என்று ஒரே வரி போட்டுச் சேமித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை உட்காரும்போது வெறும் திரை இருக்காது, இப்படிப்பட்ட வரிகள் காத்திருக்கும், அதில் ஒன்றை எடுத்து விரித்தால் போதும். நேரம் கிடைக்கிற வாரத்தில் கூடுதலாக எழுதி, அடுத்த வாரங்களுக்குத் தேதி போட்டுவிடலாம். ஆடிப்பட்டம் பற்றிய பதிவு ஆடி பிறந்த பிறகு வந்து பயனில்லை, தொட்டியும் மண்ணும் தயார் செய்ய அவகாசம் வேண்டுமே, ஆனி நடுவிலேயே வரும்படி அதை முன்னாடியே வைத்துவிடுவேன். வீட்டில் விசேஷம், உடம்பு சரியில்லை என்றாலும் பதிவு தன்பாட்டுக்கு வந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ளவேண்டிய குறை ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி உருவாக்காது, எல்லாப் பதிவுக்கும் “பிளாக் போஸ்ட்” என்ற பொதுப்பெயரும் ஏதோ எண்ணும்தான் கிடைக்கும். வெளியிடுவதற்கு முன் வலப்பக்கத்தில் இணைப்பு முகவரிக்கான இடத்தைத் திறந்து, “கத்தரி மாவுப்பூச்சி” என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் சிறு கோடு போட்டு, நாமே தட்டச்சு செய்துவிடவேண்டும். வெளியான பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு உடைந்துவிடும். பத்தியை இருபக்கமும் சமமாக நிரப்பும் பொத்தானையும் தொடாதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழுந்து படிக்கவே பிடிக்காமல் போகும்.

பிளாகர் காட்டும் பார்வை எண்ணிக்கையை நம்பி சந்தோஷப்படவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். அதில் தானியங்கி வருகைகளும் கலந்திருக்கும். அதற்குப் பதில் கூகுளின் சர்ச் கன்சோலை இணைத்துவிடுங்கள், அதுவும் இலவசம். என்ன சொற்களைத் தேடி நம் பதிவுக்கு வந்தார்கள் என்று அது காட்டும். “மிளகாய் செடி இலை சுருட்டல்” என்று தேடியவர்கள் சம்பந்தமில்லாத பதிவில் வந்து நிற்கிறார்கள் என்றால், அடுத்து எழுதவேண்டியது எது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வாசகரிடம் கொண்டுசேர்ப்பதில்தான் பிளாகர் மிகவும் பின்தங்கிவிட்டது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது, 2021இல் மின்னஞ்சல் சந்தா வசதியும் நின்றது. வெளிச்சேவை ஒன்றை இணைக்கலாம், ஆனால் அனுபவத்தில் ஒரு வாட்ஸப் சேனல் போதும், புதுப் பதிவின் இணைப்பையும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் அதில் போட்டால் படிக்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள்.

சொந்த முகவரி (டொமைன்) வாங்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவில் சில வருடங்கள் பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிகள் தாமாகவே பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று மாறித் தெரிந்தன, அந்த பிளாக்ஸ்பாட் டாட் இன் 2020இல் கூகுளின் கையை விட்டே போய்விட்டது, அப்படிப் பகிரப்பட்ட பழைய இணைப்புகள் எல்லாம் செல்லாமல் போயின. சொந்த முகவரிக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும், அதை பிளாகரோடு இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. வேர்ட்பிரஸை நாமே நிறுவாமல் பயன்படுத்தத் தரும் வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தில் இதற்கே கட்டணத் திட்டத்துக்குப் போகவேண்டும்.

அமைப்புகள் பக்கத்தில் காப்பு எடுக்கும் வசதி இருக்கிறது, மாதம் ஒருமுறை அழுத்தி கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எழுத்தும் பின்னூட்டமும் அதில் வரும், படங்களுக்கு மட்டும் அதை நம்பாமல் அவற்றைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கவேண்டும். நாளைக்கே பிளாகர் மூடினாலும் எழுதியது நம் கையில் இருக்கும்.

விதை விற்பது, வகுப்பு எடுத்துக் கட்டணம் வாங்குவது என்று திட்டம் இருந்தால் நேராக வேர்ட்பிரஸுக்கே போங்கள், பிளாகரில் அதைச் செய்ய முயன்றால் திண்டாட்டம்தான். எழுதத்தான் போகிறேன் என்றால் இன்றைக்கே ஒரு பெயர் பிடித்து, முதல் வாரமே நான்கைந்து டிராஃப்ட் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் முதல் பதிவை வெளியிடுங்கள்.