கிரேசியா, யுனிவர்சலா?

ஈறு அறுவைக்குப் பழகும் பல் மருத்துவ மாணவர்கள் முதலில் குழம்புவது கிரேசி, யுனிவர்சல் என்ற இந்த இரண்டு கியூரெட்டுகளில்தான், அதாவது சுரண்டும் கருவிகளில்தான். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. முனை உருண்டை, முதுகும் உருண்டை. வேரில் ஒட்டிய காரையையும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டாகும் பையின் உள்ளே வளர்ந்த நைந்த சதையையும் சுரண்டத்தான் இரண்டுமே.

வித்தியாசம் அலகில் இருக்கிறது. யுனிவர்சலில் அலகின் முகம் தண்டுக்கு 90 பாகையில் நிற்கும், இரு விளிம்பும் வெட்டும். ஒரே கருவியோடு வாய் முழுக்கச் சுற்றி வரலாம். கிரேசியில் முகம் 60 முதல் 70 பாகை வரை சாய்ந்திருக்கும், தாழ்ந்திருக்கும் விளிம்பு மட்டுமே வெட்டும். தண்டில் அலகை ஒட்டிய கடைப்பகுதியைப் பல்லுக்கு இணையாகப் பிடித்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். ஆனால் இடத்துக்கு ஒரு எண்ணுள்ள கருவி வேண்டும்: முன்பற்களுக்கு 1/2, கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14. தட்டில் கருவிகள் கூடும், சாணை பிடிக்கும் வேலையும் கூடும். தவறான விளிம்பைத் தீட்டிக் கருவியைக் கெடுப்பவர்களும் உண்டு!

ஈறு மடலைத் திறந்து வேர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் யுனிவர்சலே பெரும்பாலும் போதும் என்பேன். ஆழமான, குறுகிய பை என்றால் கிரேசிதான். அதிலும் அலகு பாதி நீளமே உள்ள மினி ஃபைவ் வகை, வேர்கள் பிரியும் இடத்தில் நன்றாக நுழையும்.