அச்சடித்த காட்டா, வாட்ஸ்அப் அழைப்பிதழா?

திருகோணமலையில் கலியாண அழைப்பிதழ் வடிவமைப்பைத் தனித்தொழிலாகத் தொடங்குகிறவர் இரண்டையும் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை.

அச்சுக்கு நேரம் அதிகம் போகும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்வைகே நிறம் (அச்சு மைகள் நான்கின் கலவை), வெட்டுவதற்காகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதல் இடம், எல்லாம் வேண்டும். தமிழ் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றாமல் அனுப்பினால், அச்சகக் கணினியில் 'கொ'வின் கொம்பு கழன்று தனியே நிற்கக்கூடும். திரையில் மினுங்கிய கோணேசர் கோயிலடிக் கடல்நீலம் தாளில் மங்கும். ஒரு மாதிரி எடுத்துப் பார்க்காமல் முழுவதையும் அடிக்கவே கூடாது. முகூர்த்த நேரத்தையும் பெரியவர்களின் பெயர் வரிசையையும் இரு வீட்டாரும் பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு 1080க்கு 1920 பிக்சல் போதும். கனடாச் சித்தப்பாவுக்கு அன்றைக்கே போய்விடும். மண்டபம் மாறினால் திருத்தி அனுப்பலாம். எத்தனை திருத்தம் என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டிய நெருங்கிய சொந்தத்துக்குக் காட், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். மூலையில் மஞ்சள் தடவிய காட்டைக் கையில் கொடுக்காமல் போனில் அனுப்பினால் பெரியம்மா வருத்தப்படுவார். அதில் நியாயமும் உண்டு.